இரண்டு ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்த பிறகு

வெளியே மைனஸ் 6 டிகிரி. காரைக் கிளப்பி இருபது நிமிடம் ஆகிவிட்டது. ஹீட்டர் குமிழைச் சிவப்புக் கோட்டின் கடைசி வரை திருப்பி வைத்திருந்தேன். ப்ளோயரும் முழு வேகத்தில் ஓடியது. ஆனால் வந்த காற்று, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வாயால் ஊதுவது போல வெதுவெதுவென்று இருந்ததே தவிர, சூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. பின் சீட்டிலிருந்து மகள், "அப்பா, கால் விரலெல்லாம் மரத்துப்போச்சு" என்றாள். திரும்பிப் பார்த்தால், கால்களை மடக்கிச் சீட்டின் மேல் வைத்து, கோட்டை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதே நேரத்தில் முன் கண்ணாடியின் உட்புறம் மங்க ஆரம்பித்தது. ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். பாதை தெரியாமல் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டிய அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை.

அதற்கு அடுத்த மூன்று வாரம் இந்த ஹீட்டரோடுதான் கழிந்தது. எனக்குத் தொழில் வேறு. கார் வேலை ஆசைக்காகக் கற்றுக்கொண்டது. இந்த ஒரு கோளாறு எனக்குச் சொல்லிக்கொடுத்தது கொஞ்சநஞ்சமில்லை. இதே தொல்லையில் இருக்கிற யாருக்காவது ஒரு வாரமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்கென்று தனியாக அடுப்பு எதுவும் கிடையாது. எரிபொருளின் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் வீணாகிறது. அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியாகப் போய்விடும், இன்னொரு பகுதியை கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றி ஓடும் திரவம், சுமந்துகொண்டு, தான் ஆறுகிற இடமான ரேடியேட்டருக்குப் போகும். அந்தச் சூடான கூலன்டில் கொஞ்சத்தை ஒரு ஹோஸ் வழியாகப் பிரித்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோருக்கு அனுப்புகிறார்கள். ஹீட்டர் கோர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர், அவ்வளவுதான். ப்ளோயர் அதன் வழியாகக் காற்றைத் தள்ளும். சூடாறிய கூலன்ட் இன்னொரு ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். நாம் குமிழைத் திருப்பும்போது பெரும்பாலான கார்களில் உள்ளே ஒரு சின்னக் கதவு நகர்ந்து, எவ்வளவு காற்று கோர் வழியாகப் போக வேண்டும், எவ்வளவு சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று பிரிக்கும். சில கார்களில் கூலன்டையே திறந்து மூடும் வால்வு ஒன்றும் இருக்கும்.

ஆக, காற்று வெதுவெதுவென்று வந்தால் கேட்க வேண்டிய கேள்வி மூன்றுதான். எஞ்சின் சரியாகச் சூடாகிறதா? அந்தச் சூடு கோருக்குள் போய்ச் சேருகிறதா? சேர்ந்த சூட்டைக் காற்று எடுத்துக்கொள்கிறதா? இந்த வரிசையில் கேட்டிருந்தால் என் வேலை ஒரே வார இறுதியில் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

நேராக ஒரு பட்டறைக்குப் போனேன். பானட்டைக்கூட முழுசாகத் திறக்காமல், "ஹீட்டர் சூடு வரலன்னா தெர்மோஸ்டாட்தான் சார், மாத்திடலாம்" என்றார்கள். நானும் சரி என்றேன். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு. ஊகமாக இருந்தாலும் அது ஆதாரமில்லாத ஊகம் கிடையாது. தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால், எஞ்சின் சூடாவதற்குள் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து குளிர்ந்து வரும், ஹீட்டரும் வெதுவெதுப்போடு நின்றுவிடும். ஆனால் அப்படி இருந்தால் அதற்கென்று ஓர் அடையாளம் உண்டு. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வர வெகுநேரம் பிடிக்கும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதோ நீளமான இறக்கத்திலோ கீழே இறங்கும். என் காரில் எட்டே நிமிடத்தில் முள் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. பதில் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

புது தெர்மோஸ்டாட் போட்டும் காற்றில் ஒரு மாற்றமும் இல்லை. பழையதைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அன்றிரவு ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அடியில் படாதபடி தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியையும் போட்டு அடுப்பில் வைத்தேன். 80 டிகிரியில் அசையவில்லை. 87 வந்தபோது வால்வின் ஓரத்தில் ஒரு முடியளவு இடைவெளி தெரிந்தது. 95ஐத் தாண்டியபோது நன்றாகத் திறந்துவிட்டது. அடுப்பை அணைத்ததும் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. அதன் உடம்பில் 88 என்று பொறித்திருந்தது. உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து வால்வைத் தள்ளுகிறது, ஆறினால் சுருங்குகிறது. இத்தனை வருடம் பிசகாமல் வேலை செய்த ஒரு நல்ல பொருளைக் கழற்றி எறிந்திருக்கிறோம் என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முள்ளை மட்டும் முழுசாக நம்பிவிடவும் கூடாது. பல கார்களில் கூலன்டின் சூடு கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் வைத்திருப்பார்கள். ஓட்டுபவர் பதறக் கூடாது என்பதற்காக. உண்மையான எண் வேண்டுமென்றால், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும், காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகி போனில் பார்க்கலாம். என் காரில் அது 89க்கும் 92க்கும் நடுவில் இருந்தது. எஞ்சின் நன்றாகவே சூடாகிறது. முதல் கேள்வி முடிந்தது.

மறுநாள் காலை என் மூத்த நண்பர் ஒருவரைப் போனில் பிடித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தியா?"

"இல்லண்ணே."

"அதைப் பாத்துட்டு அப்புறம் கூப்பிடு."

பானட்டைத் திறந்தால், எஞ்சின் அறைக்கும் நாம் உட்காரும் அறைக்கும் நடுவில் இருக்கும் தகட்டில், கட்டைவிரல் தடிமனில் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் அருகருகே உள்ளே நுழைவது தெரியும். ஒன்று போகிற வழி, மற்றது வருகிற வழி. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரை ஓடவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும். தளர்ந்த சட்டைக் கை, கழுத்துத் துணி எதுவும் பெல்ட் பக்கமோ விசிறி பக்கமோ போகவே கூடாது. ரேடியேட்டர் விசிறி எந்த நொடியிலும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். கையை மெதுவாகக் கொண்டுபோய் முதலில் விரல் நுனியால் தொட வேண்டும்.

முதல் ஹோஸைத் தொட்டதும் கையை உதறி எடுத்துக்கொண்டேன், இரண்டு நொடி பிடிக்க முடியவில்லை. இரண்டாவதை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டே நிற்க முடிந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த வெந்நீர் போல இருந்தது. கையை நம்பாமல் இன்ஃப்ராரெட் வெப்பமானியாலும் அளந்தேன். ஒன்று 84, மற்றது 41. அந்தக் கருவியைக் கறுப்பு ரப்பரின் மேல் காட்டினால் நம்பலாம், பளபளக்கும் உலோகத்தின் மேல் காட்டினால் குறைத்துக் காட்டும்.

இந்த இரண்டு ஹோஸ் சொல்லுகிற சேதியை எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இரண்டுமே நல்ல சூடாக இருந்து, திரும்புகிற ஹோஸில் மட்டும் சூடு சற்றுக் குறைந்திருந்தால், கூலன்ட் ஒழுங்காக ஓடுகிறது. கோளாறு காற்றுப் பக்கம். உள்ளே இருக்கும் அந்தக் கலக்கும் கதவையோ அதை நகர்த்தும் மோட்டாரையோ சந்தேகப்படலாம். இரண்டுமே வெதுவெதுவென்று இருந்தால், எஞ்சினே சூடாகவில்லை, அல்லது கூலன்ட் குறைந்திருக்கிறது, அல்லது ஹோஸில் இருக்கும் வால்வு திறக்கவில்லை. ஒன்று கொதித்து, இன்னொன்று ஆறிக் கிடந்தால், கூலன்ட் கோருக்குள் போகத் திணறுகிறது. உள்ளே காற்று அடைத்திருக்கலாம், சேறு அடைத்திருக்கலாம். என்னுடையது மூன்றாவது வகை.

அண்ணன் சொன்ன அடுத்த வேலை, கூலன்ட் அளவைப் பார்ப்பது. "நான் பார்த்தேனே, டேங்கில் கோடு வரைக்கும் இருக்குண்ணே" என்றேன். "டேங்கைச் சொல்லலப்பா. காலைல எஞ்சின் பச்சைத் தண்ணியா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாரு" என்றார். சூடாக இருக்கும்போது அந்த மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், கொதித்து முகத்தில் அடிக்கும்.

காலையில் திறந்தேன். கழுத்து வரை இருக்க வேண்டிய கூலன்ட் கண்ணுக்கே தெரியவில்லை. பக்கத்தில், கூடுதல் கூலன்ட் நிற்கும் டேங்கில் மட்டும் அளவு சரியாக இருந்தது! காரணம் மூடியில் இருந்தது. எஞ்சின் ஆறும்போது டேங்கிலிருந்து கூலன்டைத் திரும்ப உறிஞ்ச வேண்டுமானால் மூடியின் ரப்பர் நன்றாக அடைத்துப் பிடிக்க வேண்டும். என் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. அதனால் உறிஞ்சும்போது டேங்கிலிருந்து கூலன்டை எடுக்காமல் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. தினமும் காலையில் காரைக் கிளப்பியதும் டேஷ்போர்டுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் புரளுவது போல ஒரு களகள சத்தம் கேட்கும். பல மாதமாகக் கேட்டும் அதை நான் பொருட்படுத்தவே இல்லை. அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: ஹீட்டர் கோருக்குள் காற்று இருக்கிறது. பல கார்களில் கோர் உயரமான இடத்தில் இருப்பதால், கூலன்ட் குறைந்தால் காற்று முதலில் அங்கேதான் போய்த் தங்கும்.

குறைந்த கூலன்ட் எங்கே போனது என்பதையும் தேடினேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஓரத்தில் உப்புப் பூத்தது போல ஒரு வெளிறிய படிவு காய்ந்து கிடந்தது. சொட்டு கீழே விழாது, சூட்டில் காய்ந்துவிடும். அதனால் தரையில் ஈரமே தெரியாது. கிளாம்பையும் மூடியையும் மாற்றினேன்.

அப்புறம் ஏர் எடுக்கிற வேலை, அதாவது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்றுவது. காரின் மூக்கு உயரும்படி சரிவில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் இறுக்கமாக உட்காருகிற புனலை வைத்து, கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். சில கார்களில் இதற்கென்றே ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைத் தளர்த்தினால் வேலை எளிது. பத்து நிமிடத்துக்குப் புனலில் குமிழ் குமிழாக வந்தது. தெர்மோஸ்டாட் திறந்தபோது ஒரு பெரிய குமிழ் எழுந்து, புனலில் இருந்த கூலன்ட் சட்டென்று இறங்கியது. திரும்ப ஊற்றினேன். விசிறி இரண்டு தடவை சுற்றி நிற்கும் வரை காத்திருந்து, குமிழ் நின்றதும் அணைத்தேன். மொத்தம் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே போயிருந்தது.

காற்று வரும் வாயில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தால், முன்பு 24 காட்டியது இப்போது 38 காட்டியது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எஞ்சின் சூடான பிறகு நல்ல ஹீட்டரில் 50க்கு மேல் வர வேண்டும். இரண்டு நாள் ஓட்டினேன், கூலன்ட் குறையவில்லை, களகள சத்தமும் போய்விட்டது, ஆனாலும் 38ஐத் தாண்டவில்லை. ஹோஸ்களை மறுபடி அளந்தால் 86, 52. ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு இருக்க முடியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஒன்றைச் சரிசெய்து பாதி குணமானதும், மிச்சத்துக்கும் அதே காரணம்தான் என்று மறுபடி மறுபடி ஏர் எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வாரம் போனது.

கடைசியில் அண்ணனே வந்தார். ஹோஸ்களைத் தொட்டார், டேஷ்போர்டின் இடது ஓரக் காற்றையும் வலது ஓரக் காற்றையும் மாறி மாறிக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது. "கோர் பாதி அடைச்சிருக்கு தம்பி. கழுவிப் பார்ப்போம்" என்றார்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, எது எந்த ஹோஸ் என்று டேப்பில் குறித்து ஒட்டிவிட்டு, கிளாம்ப்களைத் தளர்த்தினோம். ஹோஸ் குழாயோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. நான் இழுக்கப் போனேன். "இழுக்காதே, திருகு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கோரிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் குழாய் மெல்லியது. அது வளைந்தாலோ உடைந்தாலோ டேஷ்போர்டு மொத்தத்தையும் கழற்ற வேண்டிவரும். ஹோஸை இப்படியும் அப்படியும் திருகி ஒட்டலை விடுவிக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிடலாம், ஹோஸ் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

கூலன்ட் திரும்புகிற குழாயில் தோட்டத்துக் குழாயை வைத்து, மிகக் குறைந்த வேகத்தில் தண்ணீரை விட்டோம். வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் விட்டால்தான் அடைப்பு வந்த வழியே வெளியேறும். மறுமுனையில் ஒரு வாளி. முதலில் பென்சில் தடிமனில் தெளிந்த நீர் வந்தது. சில நொடி கழித்து அது நின்றே போனது. அப்புறம் ஒரு விக்கல் போல உள்ளே ஏதோ நகர்ந்து, காவி நிறத்தில் கெட்டியாக, களிம்பு மாதிரி ஒரு கட்டி வாளியில் விழுந்தது. அதற்குப் பின்னால் துருத் துகள்களோடு செம்மண் குட்டை கலங்கியது போலத் தண்ணீர் பீறிட்டது. விரலால் தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது, நடுநடுவே மணல் போல நெருடியது. திசையை மாற்றி மாற்றிக் கால் மணி நேரம் விட்ட பிறகுதான் இரண்டு பக்கமும் ஒரே தடிமனில் தெளிந்த நீர் வந்தது. அழுத்தமான காற்றைக் கொண்டு ஊதலாமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார், பழைய கோர் பொத்துக்கொள்ளும். வாயால் ஊதுவதையும் நினைத்துப் பார்க்கக் கூடாது. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் கொடிய விஷம். இனிப்பாக இருப்பதால் நாய், பூனைகள் நக்கிவிடும். வாளியில் பிடித்ததை ஒரு சொட்டுகூடத் தரையில் விடாமல் மூடி வைத்து, கழிவு எண்ணெயை வாங்கிக்கொள்ளும் இடத்தில் சேர்த்தேன்.

அந்தச் சேறு எப்படி வந்தது? நான் இந்தக் காரை வாங்கும்போதே பழையது. ஒத்துவராத இரண்டு வகை கூலன்டைக் கலந்தால் களி போல உறையும். கசிவை அடைக்க ரேடியேட்டரில் ஊற்றும் மருந்துகளும் குறுகலான இடத்தைத் தேடித்தான் போய் அடைக்கும், ஹீட்டர் கோரின் குழாய்களும் குறுகலானவைதான். நிறத்தைப் பார்த்து ஊற்றுவதை நான் அன்றோடு விட்டுவிட்டேன். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம்தான், ஒவ்வொரு தயாரிப்பாளரும் தங்கள் விருப்பப்படி போடுகிறார்கள். காரின் கையேட்டில் எந்த வகை என்று இருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். எஞ்சினையும் ரேடியேட்டரையும் கழுவி, டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் சரிபாதியாகக் கலந்து நிரப்பினோம். இந்தக் கலவை ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்புகள் மறுபடி படிவாகும் என்பதால்தான் டிஸ்டில்ட் வாட்டர்.

மறுபடி ஏர் எடுத்து, ஓட்டிப் பார்த்தோம். காற்று வாயில் 57. ஹோஸ்கள் 87, 76.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் என் மச்சான் காரிலும் இதே தொல்லை என்று கூப்பிட்டான். இரண்டு ஹோஸும் நல்ல சூடாக இருக்கிறது என்றான். அப்படியானால் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, குமிழைக் குளிரிலிருந்து சூட்டுக்குத் திருப்பி, டேஷ்போர்டில் காதை வைத்துக் கேள் என்றேன். டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறதாம். கதவை நகர்த்தும் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து, ஓடியும் ஓடாமல் இடறுகிற சத்தம் அது. மோட்டாரை மாற்றியதோடு சரியானது, கூலன்டைத் தொடவே தேவைப்படவில்லை. காற்றின் சூடு சரியாக இருந்து வேகம் மட்டும் குறைவாக இருந்தால், முதலில், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கலாம். நிற்கும்போது வெதுவெதுப்பு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சூடு என்றால், கூலன்ட் குறைவு, அல்லது கூலன்டைச் சுற்றி ஓடவைக்கும் வாட்டர் பம்ப்பின் இறக்கை தேய்ந்திருக்கிறது. முதலில் கூலன்டை நிரப்பிவிட்டுத்தான் பம்ப்பைக் குற்றம் சொல்ல வேண்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் தாமதிக்க வேண்டாம். காருக்குள் இனிப்பான வாசனை அடித்து, கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுவென்று படலம் படிந்தால் கோரே கசிகிறது. அந்த ஆவியைச் சுவாசித்துக்கொண்டு ஓட்டக் கூடாது. அதேபோல, எங்கும் கசிவு தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போய், ஏர் எடுத்தாலும் குமிழ் நிற்காமல் வந்தால், எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். எரிந்த வாயு கூலன்டுக்குள் கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் திரவம் இருக்கிறது, அதை வைத்து உடனே பார்த்துவிட வேண்டும். ஹீட்டர் சூடாகாததை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினால் எஞ்சினே வீணாகும்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறிய எஞ்சினின் மூடியைத் திறந்து பார்த்தேன். கூலன்ட் கழுத்து வரை நின்றது. அடியில் கொஞ்சம் காவி நிறம் கலங்கியிருந்ததால் இன்னொரு தடவை கழுவி மாற்றினேன். பழைய கோரில் மிச்சம் மீதி கரைந்து வரத்தான் செய்யும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அன்றைய அளவுகளை ஒரு துண்டுத்தாளில் எழுதி, கையேட்டுக்குள் வைத்திருக்கிறேன்: எஞ்சின் 91, போகிற ஹோஸ் 87, வருகிற ஹோஸ் 77, காற்று 58. அடுத்த குளிர்காலம் தொடங்கும்போது முதலில் அந்தத் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

அன்று மாலை மகளை அழைத்துவரப் போனேன். ஐந்து நிமிடத்தில் கையுறையைக் கழற்றினாள், பத்து நிமிடத்தில் கோட்டையும் கழற்றிவிட்டு, "அப்பா, கொஞ்சம் குறைங்களேன்" என்றாள்.